செவிச்சுருள் கருவியும் தொற்று நோய்களும்
(அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை பற்றிக் கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விளக்கம்)

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தைக்குப் பேச்சு மொழி எளிதில் வாய்ப்பதில்லை. நாவிலோ தொண்டையிலோ குறை இருப்பதனால் அன்று. காதில் விழாத சொல்லை வாய் திருப்பிச் சொல்ல இயலாது என்பதே காரணம். இத்தகைய குழந்தைகளுள், சாதாரணச் செவித்துணைக் கருவியால் பயன் பெறாதவர்க்குச் சென்ற சில பத்தாண்டுகளாக ஒரு புதிய வழி திறந்திருக்கின்றது. அதுவே உட்செவியில் மின்வாய்களைப் பதிக்கும் அறுவைச் சிகிச்சை. மருத்துவமனைகளில் 'காக்ளியர் இம்ப்ளாண்ட்' என்று வழங்கும் இக்கருவியை நாம் இக்கட்டுரையில் செவிச்சுருள் கருவி என்று குறிப்பிடுவோம்.

கருநாடக மாநிலம் இத்துறையில் நீண்ட பழக்கமுடையது. மத்திய அரசாங்கத்தின் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையம் 1965ஆம் ஆண்டில் மைசூரில் நிறுவப்பட்டது. பெங்களூரில் டாக்டர் எஸ். ஆர். சந்திரசேகர் பேச்சு, செவிப்புலன் நிலையம் பணியாற்றி வருகின்றது. மத்திய அரசாங்கத்தின் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டம் 2014ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, ஆண்டொன்றுக்கு 500 குழந்தைகளுக்குச் செவிச்சுருள் கருவி அளிக்க அதில் வகை செய்யப்பட்டது. கருநாடக அரசாங்கமும் 'சிரவண சஞ்சீவினி' என்னும் பெயரால் சிறு குழந்தைகளுக்கு இவ்வறுவையைச் செய்வித்து வருகின்றது. இவற்றின் பயனாக, முன்பு செல்வர்க்கு மட்டுமே எட்டிய இச்சிகிச்சை இன்று கூலித் தொழிலாளர் வீட்டுக் குழந்தைக்கும் கிட்டுகின்றது. ஆதலின், கருவி பொருத்தப்பட்ட குழந்தை இனி எந்த அங்கன்வாடியிலும் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் இருக்கக் கூடும்.

அக்குழந்தையை மருத்துவர் ஆண்டில் சில முறையே காண்கின்றார். ஊழியரும் ஆசிரியரும் அன்றாடம் காண்கின்றனர். அறுவைக்குப் பின் தோன்றக் கூடிய தொற்றின் முதற் குறியைக் கண்டு கொள்ளும் வாய்ப்பு, ஆகவே, பெரும்பாலும் இவர்களுக்கே உரியது. அதற்கு வேண்டிய அறிவைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் அமைப்பு

செவிச்சுருள் என்பது நத்தை ஓடு போலச் சுமார் இரண்டரைச் சுற்றுச் சுற்றிய, திரவம் நிரம்பிய ஒரு சிறு எலும்புக் குழல். ஒலியின் அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றும் நுண்ணிய மயிரணுக்கள் இதனுள் உள்ளன. பிறவிச் செவிடு பலவற்றில் கெட்டிருப்பது இம்மயிரணுக்களே. செவி நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். மயிரணுக்களைத் தாண்டி நரம்பையே நேராக மின்சாரத்தால் தூண்டினால் ஒலியுணர்வு உண்டாகும் என்பது கருவியின் அடிப்படைத் தத்துவம்.

1957ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜூர்னோ, எய்ரியே என்னும் இருவர் செவி நரம்பை இவ்விதம் தூண்டிக் காட்டினர். 1961இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் செவிச்சுருளினுள் மின்வாயைச் செலுத்தினார். 1978இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கிரீம் கிளார்க் பல மின்வாய்கள் கொண்ட கருவியைப் பொருத்தினார். இன்று வழங்கும் கருவிகள் இம்முயற்சிகளின் வழி வந்தவை.

கருவிக்கு இரு பகுதிகள் உண்டு. காதின்மேல் அணியும் ஒலிவாங்கியும், ஒலியைப் பகுத்துக் குறிகளாக்கும் பகுதியும், தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் வட்டச் சுருளும் வெளிப்பகுதி. தோலுக்கு அடியில், மண்டையோட்டின்மேல் வைக்கப்படும் வாங்கியும், அதிலிருந்து செவிச்சுருளினுள் செல்லும் மெல்லிய மின்வாய்க் கம்பியும் உட்பகுதி. இரண்டிற்கும் இடையே தோல் முழுமையாக மூடியிருக்கும். குறிகள் தோலை ஊடுருவி அலைகளாகச் செல்லும். தோலைத் துளைத்து வெளிவரும் கம்பி எதுவும் இல்லை என்பதை ஊழியர் நினைவில் கொள்ள வேண்டும். தோல் கெடாமல் இருக்கும் வரை அதுவே முதற் காவல்.

அறுவையின்போது மருத்துவர் காதின் பின்புறம் தோலைக் கீறி, அங்குள்ள எலும்பைக் குடைந்து, முக நரம்பின் அருகிலுள்ள ஒரு குறுகிய இடைவெளி வழியாக நடுச்செவியை அடைகின்றார். பின்னர் செவிச்சுருளின் வட்டச் சாளரம் வழியாகவோ, அதனருகே இட்ட சிறு துளை வழியாகவோ மின்வாய்க் கம்பியை உள்ளே செலுத்துகின்றார். காயம் ஆறிச் சில வாரங்கள் சென்ற பின்னரே வெளிப்பகுதி பொருத்தப்பட்டுக் கருவி இயக்கப்படும். அறுவை முடிந்த அன்றே குழந்தை கேட்கத் தொடங்கிவிடும் என்று எண்ணும் பெற்றோர்க்கு இதனை முன்கூட்டியே எடுத்துரைத்தல் நன்று.

கிருமி நுழையும் வழி

தொற்று நேர்வதற்கான காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, உடலின் அமைப்பு. நடுச்செவி தொண்டையின் மேற்பகுதியுடன் ஒரு குழலால் இணைக்கப்பட்டுள்ளது. சிறு குழந்தைகளிடம் இக்குழல் குறுகியதாகவும் கிடையாகவும் இருப்பதால், சளி பிடித்தால் கிருமிகள் எளிதில் நடுச்செவியை அடைகின்றன. இயற்கையில் நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே மூடிய சுவர் உண்டு. அறுவையில் அச்சுவரில் ஒரு துளை இடப்படுகின்றது. மருத்துவர் கம்பியைச் சுற்றித் தசைத் துண்டு முதலியவற்றை வைத்து அத்துளையை அடைக்கின்றார். நாளடைவில் திசு வளர்ந்து அது மூடிக் கொள்கின்றது. எனினும் அடைப்பு முழுமையாக அமையாத இடத்தில் கிருமி உட்செவிக்குள் செல்ல வழி கிடைக்கலாம். உட்செவியின் திரவத்திற்கும் மூளையைச் சூழ்ந்த நீருக்கும் நுண்ணிய தொடர்பு உண்டு. ஆகவே காதில் தொடங்கிய தொற்று மூளையைச் சுற்றியுள்ள சவ்வை எட்டக் கூடும்.

இரண்டாவது, உடலினுள் வைத்த அயற்பொருள். சிலிக்கோன், பிளாட்டினம் ஆகியவற்றாலான கருவிக்கு இரத்த ஓட்டம் இல்லை. இரத்த வழியாக வரும் வெள்ளணுக்களும் மருந்தும் அதன் உட்புறத்தை அடைய இயலா. அதன்மேல் ஒட்டிய கிருமிகள் வழுவழுப்பான படலம் ஒன்றைச் சுரந்து அதனுள் ஒடுங்கி வாழ்கின்றன. குளத்துப் படிக்கட்டில் பாசி படிவதைப் போன்ற இதனை உயிர்ப்படலம் என்பர். பாசியின்மேல் நீரை ஊற்றினால் அது போகாது. தேய்த்தே எடுக்க வேண்டும். அதுபோலவே உயிர்ப்படலம் படிந்த கருவியில் மருந்தால் மட்டும் தொற்றை நீக்குதல் அரிது; சிற்சில வேளைகளில் கருவியையே எடுத்துவிட நேரிடும். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஆகிய கிருமிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை.

மூன்றாவது, பிறவியிலேயே உட்செவி குறைபட அமைந்திருத்தல். சில குழந்தைகளின் செவிச்சுருள் முழுச் சுற்றும் சுற்றாமல், மூளைப் பக்கத்து எலும்புச் சுவர் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். இவர்களிடம் துளையிட்டவுடன் மூளைத் தண்டுவட நீர் பீறிட்டு வருவதுண்டு. கருவி பொருத்தாவிடினும் இக்குழந்தைகளுக்கு மூளைச்சவ்வு அழற்சியின் அபாயம் மற்றவரைவிட மிகுதி. அறுவைக்கு முன் நுண்கதிர்ப் படங்கள் எடுத்துப் பார்ப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

2002ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

செவிச்சுருள் கருவி பெற்றோரிடம் மூளைச்சவ்வு அழற்சி காணப்படுகின்றது என்னும் செய்தி 2002ஆம் ஆண்டில் உலகெங்கும் கவலையை எழுப்பியது. அவ்வாண்டு ஜூலையில் ஒரு வகைக் கருவி சந்தையிலிருந்து மீட்டுக் கொள்ளப்பட்டது. மின்வாய்க் கம்பியைச் செவிச்சுருளின் உட்சுவரோடு நெருக்கி நிறுத்தும் பொருட்டு அவ்வகையில் ஓர் ஆப்புத் துண்டும் உடன் செலுத்தப்பட்டு வந்தது.

அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார நிலையத்தார் உடனே ஆராயத் தொடங்கினர். 1997 முதல் 2002 வரை கருவி பொருத்தப்பட்ட, ஆறு வயதுக்குட்பட்ட 4,264 குழந்தைகளைப் பற்றிய விவரங்களை அவர்கள் திரட்டினர். 26 குழந்தைகளுக்கு 29 முறை மூளைச்சவ்வு அழற்சி வந்திருந்தது. நிமோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் அழற்சி மட்டும், அதே வயதுடைய பொதுக் குழந்தைகளிடம் காணப்படுவதைவிட முப்பது மடங்குக்கு மேலாக இருந்தது. ஆப்புத் துண்டு வைத்தவர்களிடம் அபாயம் மற்றக் கருவிகளை உடையோரைவிடச் சுமார் நான்கரை மடங்காகக் கணக்கிடப்பட்டது. பின்னர் நடந்த தொடர் ஆராய்ச்சியில், குறிப்பாக ஆப்புத் துண்டு வைத்தவர்களிடம், அறுவை நடந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அபாயம் நீங்கவில்லை என்பது தெரிய வந்தது.

முப்பது மடங்கு என்னும் எண்ணைக் கேட்டவுடன் பெற்றோர் நடுங்குவது இயல்பு. அதனை நாம் சரியாகப் பொருள் கொள்ள வேண்டும். அவ்வாராய்ச்சியின் கணக்குப்படி, கருவி பெற்ற ஆயிரம் குழந்தைகளை ஓராண்டு கவனித்து வந்தால் நிமோகாக்கஸ் அழற்சி ஒருவர்க்கோ இருவர்க்கோ வரலாம். அக்கணக்கில் இன்று வழக்கொழிந்த ஆப்புத் துண்டு வைத்தவர்களும் அடங்குவர். நோய் அரிது, வந்தால் கொடிது. அரிது என்பதால் அறுவையை அஞ்சித் தவிர்க்க வேண்டுவதில்லை. கொடிது என்பதால் எச்சரிக்கையைத் தளர்த்தவும் கூடாது.

வேறொரு செய்தியும் கருதத் தக்கது. செவிடு உண்டாவதற்கே மூளைச்சவ்வு அழற்சி காரணமாவதுண்டு. நோய் தீர்ந்த சில வாரங்களிலேயே செவிச்சுருளினுள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடக் கூடுமாதலால், இக்குழந்தைகளுக்கு அறுவையைத் தள்ளிப் போடாமல் செய்கின்றனர். ஒரு முறை நோய் வந்து போனமையால் இனி வராது என்று எவரும் எண்ணலாகாது.

தடுப்பூசி

மெல்போர்ன் ஆராய்ச்சியாளர் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், செவிச்சுருளில் கருவி பதிக்கப்பட்ட எலிக்கு மிகச் சில நிமோகாக்கஸ் கிருமிகளே மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கப் போதுமானவை என்பது புலப்பட்டது. முன்னரே தடுப்பூசி இடப்பட்ட எலிகளுக்குப் பாதுகாப்பு இருந்ததும் தெரிந்தது. ஆகவே கருவி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் நிமோகாக்கஸ் தடுப்பூசி இன்றியமையாதது. கூடுமானால் அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னதாகவே அது முடிவு பெற வேண்டும்.

நம் நாட்டுத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இவ்வூசி 2017ஆம் ஆண்டில் இமாசலப் பிரதேசத்திலும் பிகார், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் சில பகுதிகளிலும் தொடங்கப்பட்டு, 2021இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. குழந்தைக்கு 6 வாரத்திலும், 14 வாரத்திலும், 9 மாதத்திலும் இது இடப்படுகின்றது. மூளைச்சவ்வு அழற்சியை விளைக்கும் மற்றொரு கிருமியாகிய ஹீமோபிலஸ் இன்புளுயன்சா 'பி' வகைக்கு எதிரான மருந்து ஐந்து நோய்த் தடுப்பூசியில் அடங்கியுள்ளது. இதனை நாட்டில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும் ஆகும்.

இங்கே ஊழியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிமோகாக்கஸ் ஊசித் திட்டம் கைக்குழந்தைகளை நோக்கியது. அது தம் மாநிலத்தில் தொடங்கியபோது ஒரு வயதைக் கடந்திருந்த குழந்தைகள் பலர் அதனைப் பெறவில்லை. அன்றியும், பெங்களூரின் கட்டட வேலைக்கு வெளியூர்களிலிருந்து வந்த குடும்பங்களில், குழந்தையின் ஊசி விவர அட்டை சொந்த ஊரிலேயே தங்கிவிடுவதுண்டு. கருநாடகத்தில் 'தாயி கார்டு' என வழங்கும் அட்டையையோ, பிற மாநில அட்டையையோ கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்னும் வாய்ச் சொல் போதாது. விடுபட்டிருப்பின், காது மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ அனுப்பி, வயதிற்கேற்ற முறையில் இடச் செய்யலாம். இரண்டு வயது நிரம்பிய பின் 23 வகைக் கிருமிகளுக்கு எதிரான வேறொரு நிமோகாக்கஸ் ஊசியும் இக்குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றது. அது தேசியத் திட்டத்தின் இலவச ஊசிகளுள் சேர்ந்ததன்று. ஆகவே குடும்பத்தார்க்கு அதனை நினைவூட்டுவார் ஒருவர் வேண்டும்.

நிமோகாக்கஸில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஊசி அவற்றுள் சிலவற்றையே தடுக்கின்றது. ஊசி இட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் கவனம் குறையலாகாது.

பிற தொல்லைகள்

காயத்தைச் சார்ந்த தொல்லைகளே மிகுதியாகக் காணப்படுபவை. முதற் சில நாட்களில் தோலுக்கடியில் இரத்தம் தேங்கி வீங்கலாம். தையலிட்ட இடம் சிவந்து சீழ் பிடிக்கலாம். பின்னாளில், காந்தம் மிக வலிதாக இருப்பின், வட்டச் சுருள் ஒட்டும் இடத்தில் தோல் நசுங்கிச் சிவந்து புண்ணாகும். வலிமை குறைந்த காந்தத்தை மாற்றுவதனால் தீரக் கூடிய இச்சிறு குறை, கவனியாது விடப்பட்டால் தோல் அழுகிக் கருவி வெளியே தெரியும் நிலைக்குக் கொண்டு விடும்.

அறுவை முக நரம்பின் அருகே நடப்பதால், அரிதாக முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்து போகலாம். அது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். கருவி இயங்கும்போது கண்ணோ உதடோ துடித்தால், மின்சாரம் முக நரம்பையும் தூண்டுகின்றது என்று அறியலாம். செவிப்புல நிபுணர் சில மின்வாய்களை நிறுத்தி இதனைச் சரி செய்வார். தலைசுற்றல், நாவில் சுவை மாறுதல், காதில் இரைச்சல் ஆகியனவும் சிலர்க்கு உண்டாவதுண்டு. மூக்கு வழியாகத் தெளிந்த நீர் ஓயாது வடிந்தால் அதனைச் சளி என்று ஒதுக்கலாகாது. மூளைத் தண்டுவட நீர் கசிவதாக இருக்கலாம். கருவி பழுதுபடுவதும் உண்டு. நேற்று வரை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிய குழந்தை இன்று திரும்பாவிடில், பிடிவாதம் என்று கண்டிக்கு முன் மின்கலத்தையும் கம்பியையும் பார்க்க வேண்டும். அவை செம்மையாக இருந்தும் பயனில்லையெனில் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

ஊழியரும் ஆசிரியரும் செய்ய வேண்டுவன

பின்வரும் குறிகளுள் எது காணப்படினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக:

1. காய்ச்சலுடன் கடுந் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், மிகுந்த தூக்க மயக்கம் அல்லது வலிப்பு. கைக்குழந்தையாயின் பால் குடியாமை, ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல்.

2. காது வலி அல்லது காதிலிருந்து நீரோ சீழோ வடிதல்.

3. காதின் பின்புறம் வீக்கம், சிவப்பு, வலி, புண்.

4. முகம் ஒரு பக்கம் கோணுதல்; திடீரென நடை தள்ளாடுதல்.

5. தலையில் பலத்த அடி படுதல்.

முதற் குறிக்கு ஒரு மணி நேரமும் தாமதம் கூடாது. 108 வண்டியை அழைத்தேனும் செல்ல வேண்டும். காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்து இரவு கழியட்டும் என்றிருப்பதே பெருந் தவறு. மருத்துவமனையில் முதலில் காண்பவர் காது மருத்துவராக இருப்பதில்லை. ஆகவே, "இக்குழந்தைக்குச் செவிச்சுருள் கருவி பதிக்கப்பட்டிருக்கின்றது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லும்படி பெற்றோர்க்குக் கற்பிக்க வேண்டும். கருவியுடன் தரப்பட்ட அடையாள அட்டையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். காந்தப் புலப் படம் எடுப்பதற்கு முன்னும், வேறு அறுவை எதற்கு முன்னும் இச்செய்தியை அறிவிப்பது அவசியம்.

சாதாரணக் குழந்தையின் காது வலியைச் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் கூறுவதுண்டு. கருவி பெற்ற குழந்தைக்கு அவ்விதி பொருந்தாது. அதிலும் அறுவைக்குப் பின் முதல் இரண்டு மாதங்களில் வரும் காதுத் தொற்றை மிகக் கடுமையாகக் கருதிச் சிகிச்சை செய்வர்.

வீட்டு வழக்கங்களிலும் சில மாற்றங்கள் வேண்டும். காதில் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு முதலியவற்றை ஊற்றுதலும், கொண்டை ஊசியால் குடைதலும் அறவே கூடாது. குலதெய்வத்திற்கு முடியிறக்கும் வேண்டுதல் இருப்பின், காயம் நன்கு ஆறிய பின் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். கருவியுள்ள இடத்தில் கத்தி பட்டுக் கீறல் உண்டானால் அதுவே கிருமிக்கு வாயிலாகும். அறுவைக்கு முன்னரே காதில் சீழ் வடியும் குழந்தைக்கு அதனைத் தீர்த்த பின்னரே கருவி பொருத்துவர். இதனைக் காலதாமதம் என்று பெற்றோர் குறை கூறினால், காரணத்தை விளக்குக.

ஆசிரியர் நாள்தோறும் பாடம் தொடங்குமுன் ஒரு கணம் காதின் பின்புறத்தைப் பார்த்தல் நலம். தலையில் அடிபடக் கூடிய முரட்டு விளையாட்டுகளைத் தவிர, மற்ற விளையாட்டுகளினின்று அக்குழந்தையை விலக்கி வைக்க வேண்டுவதில்லை. குழந்தை நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வருகின்றது. அப்போது இக்குழந்தையின் பெயரைத் தனியே குறித்து வைத்துக் காட்டலாம்.

முடிவுரை

செவிச்சுருள் கருவி ஒரு நாளில் முடியும் சிகிச்சை அன்று. அறுவை அறையில் மருத்துவர் சில மணி நேரம் செய்த வேலையை, பின்வரும் ஆண்டுகள் முழுவதும் தாயும் ஆசிரியரும் ஊழியரும் காத்து வருகின்றனர். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது அக்காவலின் ஒரு பாதி. தொற்றை முளையிலேயே காண்பது மறு பாதி. பயிற்சிக்கு ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் ஈடு செய்யலாம். மூளைச்சவ்வு அழற்சியில் தவறவிட்ட ஓர் இரவை ஈடு செய்ய இயலாது. தம் பகுதியில் கருவி பெற்ற குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் ஊசி முடித்தவர் எவர், முடிக்காதவர் எவர் என்னும் சிறு பட்டியல் ஒன்றை ஒவ்வோர் ஊழியரும் இவ்வாரமே எழுதி வைத்துக் கொள்வாராக.